கம்பிக்குக் கீழே ஒரு பலகை

ஓசூர்
18-1-1994

மாமாவுக்கு,

ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டில் பையை என் கையில் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பும் முன்பே திரும்பி நடந்துவிட்டீர்கள். அக்கா மட்டும் நின்றாள். இரண்டு நாள் ஒரே வீட்டில் இருந்தும் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாத ஆளிடம் எப்படி விளக்கம் சொல்வது? அதனால் எழுதுகிறேன்.

தப்பை முதலில் ஒத்துக்கொள்கிறேன். மாட்டுப் பொங்கலன்று காலையில் நீங்கள் தையல் கடையில் இருந்தபோது, உங்களைக் கேட்காமல் உங்கள் பேஸ் கிட்டாரில் அந்த மரத்துண்டை ஒட்டினேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. சாயந்திரம் சிங்காரப்பேட்டைக் கச்சேரியில் இரண்டாவது பாட்டிலேயே தடித்த கம்பி மரத்தில் இடித்தது. தகரக் கூரையில் கல் விழுகிற மாதிரிச் சத்தம். ஜனங்கள் சிரித்தார்கள். உங்கள் மெல்லிசைக் குழுத் தலைவர் கங்கப்பன் உங்களைப் பார்த்துக் கையமர்த்திவிட்டு, கீபோர்டு வாசிக்கும் சென்றாயனிடம் தலையை ஆட்டினார். சென்றாயன் உங்கள் பங்கையும் இடது கையாலேயே வாசித்து முடித்தார். மீதிப் பதினெட்டுப் பாட்டுக்கும் நீங்கள் கிட்டாரை மாட்டிக்கொண்டு சும்மா நின்றீர்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஆனால் ஒட்டிய காரணத்தில் தப்பில்லை. போகியன்று கடையில் துணி வெட்டும்போது இரண்டு முறை கத்தரியைக் கீழே வைத்துவிட்டு வலது கையை உதறினீர்கள். உங்கள் சட்டைக்கு அக்கா பொத்தான் போட்டுவிட்டாள். கேட்டதற்குக் குளிர் என்றீர்கள். ஊத்தங்கரையில் என்ன குளிர்?

குளிரெல்லாம் இல்லை. நீங்கள் வாசிக்கும்போது விரல் கம்பிக்கு அடியில் அரை அங்குலம் இறங்குகிறது. இறங்கிக் கொக்கி மாதிரி மாட்டி இழுக்கிறது. ஒரு பாட்டுக்கு ஐந்நூறு தடவை, ஒரு கச்சேரிக்கு இருபது பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஃபாக்டரி பிரஸ் ஷாப்பில் ஒரு மெஷின் இப்படி வேலை செய்தால் ஒரு மாதத்தில் பேரிங் போய்விடும். உங்களுக்கு முழங்கை போகிறது. கம்பிகளுக்கு அடியில், அதிர்வைப் பிடிக்கிற இரண்டு பிக்கப்புக்கும் நடுவே ஒரு பலகை இருந்தால் விரல் அதற்கு மேல் இறங்காது. விரல் நுனி மட்டும் கம்பியைத் தொட்டு நகரும். சத்தத்தைப் பெரிதாக்குவது ஸ்பீக்கரின் வேலை, விரலின் வேலை இல்லை. பெங்களூரில் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் வாங்கிய வெளிநாட்டு கிட்டார் பத்திரிகையில் படத்தோடு போட்டிருக்கிறது. அதை ராம்ப் என்கிறார்கள்.

கெட்டது அளவுதான், யோசனை கெடவில்லை. ஆனால் அளவு எப்படிக் கெட்டது என்று எனக்குப் புரியவில்லை. எங்கள் டூல் ரூமில் தேய்த்து மட்டம் பார்த்த மரம் அது. ஒரு தூசி ஏற்ற இறக்கம் கிடையாது. ஓரக் கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே சரியாக அரை மில்லிமீட்டர் விட்டேன். பிறகு ஏன் இடித்தது? பதில் தெரிந்தால் எழுதுங்கள்.

சென்னகிருஷ்ணன்


ஊத்தங்கரை
27-1-1994

சென்னகிருஷ்ணனுக்கு,

உன் அக்கா ஒரு வாரமாகச் சோறு போடும்போதெல்லாம் "தம்பிக்கு எழுதனீங்களா" என்று கேட்கிறாள். நிம்மதியாகச் சாப்பிடவாவது எழுதுகிறேன்.

உன் பலகையைப் பெயர்த்துவிட்டேன். பெயர்த்தேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன், ஒரு முழுப் பகல் ஆனது. நீ போட்ட பசைக்குக் கிட்டாரே பலகையோடு வரத் தயாராக இருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் போய் வெள்ளை மரம் தெரிகிறது. பெங்களூர் சர்ச்சில் வாசித்தவர் கையிலிருந்து பழசாக வாங்கிய கிட்டார் அது. பதினோரு வருஷத்தில் நான் அதன்மேல் ஒரு கீறல் விழவிட்டதில்லை.

ஏன் இடித்தது என்று கேட்டிருக்கிறாய். படித்தவன் நீ, ஒரு டெய்லரிடம் கேட்கிறாய், சொல்கிறேன். என் கடையில் சட்டைக்கு அளவெடுக்கும்போது கையை முன்னால் நீட்டு என்பேன், தூக்கு என்பேன், மூச்சை இழு என்பேன். பொம்மை மாதிரி நிற்கவைத்து அளவெடுத்தால், முதல் நாள் பஸ்ஸில் ஏறி மேல்கம்பியைப் பிடிக்கும்போதே அக்குள் கிழியும். நீ கம்பி நிற்கும்போது அளவெடுத்தாய். அது வாசிக்கும்போது ஆடும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. என் கிட்டாருக்கு நீ லூஸ் விடாமல் தைத்தாய், அவ்வளவுதான்.

சிங்காரப்பேட்டைக்குப் பிறகு கங்கப்பன் சொன்னதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். "திம்மப்பா, சென்றாயன் எடக்கையிலயே பேஸையும் பாத்துகினான். நீயே பாத்த. பங்குனி உத்திரம் வரைக்கும் பாக்கறன். அதுக்கு மேல வேன்ல ஒரு ஆள் கொறஞ்சா நல்லதுன்னு தோணுது." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கீபோர்டு வந்தபின் ஊருக்கு ஊர் இதுதான் நடக்கிறது. முதலில் வயலின்காரர் போனார், அப்புறம் புல்லாங்குழல் போனது. உன் அக்காவுக்குத் தெரியாது, நீயும் சொல்லாதே. இந்தக் கடிதத்தை நானே தபாலில் போடுகிறேன்.

கையைப் பற்றி எழுதியிருந்தாய். கை என்னுடையது.

திம்மப்பன்


ஓசூர்
3-2-1994

மாமாவுக்கு,

நீங்கள் சொன்னது சரி. எனக்கு வெட்கமாக இருக்கிறது. மூன்று வருஷம் டிப்ளமோ படித்து, இரண்டு வருஷம் பிரஸ்ஸுக்கு டை அச்சு செய்து, ஆடுகிற பொருளை நிறுத்திவைத்து அளந்திருக்கிறேன்.

சரிபார்த்தேன். போன வருஷம் நீங்கள் கழற்றிப்போட்ட பழைய தடித்த கம்பி என் பெட்டியில் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் அதை மேஜையில் முறுக்கிப் பிடிக்கிற இரண்டு வைஸுக்கு நடுவே உங்கள் கிட்டார் நீளத்துக்கே இழுத்துக் கட்டினேன். சுண்டிவிட்டுப் பக்கத்தில் ஸ்கேல் பிடித்துப் பார்த்தால், நீங்கள் இழுக்கிற மாதிரி இழுத்தபோது ஒரு பக்கத்துக்கு மட்டும் ஒன்றரை மில்லிமீட்டர் ஆடுகிறது. நான் விட்டதோ அரை.

இன்னொரு தப்பையும் நானே கண்டுபிடித்தேன். உங்கள் நான்கு கம்பியும் ஒரே மட்டத்தில் இல்லை. நடுவில் கொஞ்சம் தூக்கி, ஓரத்தில் இறங்கி, வில் மாதிரி இருக்கின்றன. எங்கள் டூல் ரூமில் மட்டம் என்றால் சாமி. வந்த முதல் நாளிலிருந்து எதை எடுத்தாலும் மட்டமாகத் தேய்க்கச் சொல்லித்தான் பழக்கினார்கள். அந்தப் பழக்கத்தில் வளைவுக்குக் கீழே மட்டப் பலகையை வைத்தேன். வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டார்கள். ஒரு தச்சர் செய்திருந்தால் கண்ணால் பார்த்தே வளைத்திருப்பார்.

மறுபடி செய்ய அனுமதி கேட்கிறேன். வேண்டாம் என்றால் ஒரு கார்டில் "வேண்டாம்" என்று மட்டும் எழுதுங்கள், இந்தப் பேச்சை எடுக்கமாட்டேன். சரி என்றால் இரண்டு பொருள் அனுப்புங்கள். ஒன்று, கம்பிகளின் வளைவுக்கு அடியில் சரியாகப் பொருந்துகிற மாதிரி வெட்டிய அட்டை. பேட்டர்ன் வெட்டுவதில் உங்கள் கைக்கு என் வெர்னியர் அளவுகோல் ஈடாகாது. இரண்டாவது, ஏதாவது ஒரு கச்சேரியில் பதிவுசெய்த கேசட். எந்தப் பாட்டில் வலி ஆரம்பிக்கிறது என்றும் எழுதுங்கள்.

இந்தத் தடவை பசை கிடையாது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்தான். பிடிக்காவிட்டால் ஒரு நிமிஷத்தில் பிய்த்துவிடலாம்.

கங்கப்பன் சொன்னதை அக்காவிடம் சொல்லமாட்டேன். ஆனால் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

கிருஷ்ணன்


ஊத்தங்கரை
16-2-1994

மச்சானுக்கு,

அட்டையும் கேசட்டும் இதோடு வருகின்றன. அட்டைக்குப் பதில், காலருக்குள் வைத்துத் தைக்கிற விறைப்பான கேன்வாஸில் வெட்டினேன், மழுங்காது.

"கை என்னுடையது" என்று போன கடிதத்தில் எழுதினேன். எழுதிய மறுநாள் ஒரு கல்யாண மாப்பிள்ளையின் சட்டைத் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் பிடியை விட்டுவிட்டது. கத்தரி ஒரு விரற்கடை கோணலாக ஓடிவிட்டது. அதே நிறத் துணி தேடிக் கிருஷ்ணகிரி வரை போய் வந்தேன். அவருக்குத் தெரியாது. இதையெல்லாம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தால் இல்லாத மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன் போல.

ஆஸ்பத்திரியில் காட்டினேன். டாக்டர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். முழங்கையை அமுக்கிப் பார்த்துவிட்டு இரண்டு மாதம் வாசிக்காதீர்கள் என்றார். இரண்டு மாதம் வாசிக்காவிட்டால் சென்றாயனின் இடது கையே பழகிவிடும், அதற்குப் பிறகு நான் எதற்கு? அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வலி ஆரம்பிப்பது ஆறாவது, ஏழாவது பாட்டில். மெதுவான பாட்டாக இருந்தால் வருவதில்லை. பன்னிரண்டாவது பாட்டுக்கு மேல் விரல்கள் மரத்துப்போய், வலிகூடத் தெரியாது. பழக்கத்தில் ஓட்டுகிறேன்.

இன்னொன்று. விரல் நுனியால் தொட்டால் போதும் என்று சுலபமாக எழுதிவிட்டாய். பேஸ் என்பது காதுக்குக் கேட்பதைவிட நெஞ்சில் படவேண்டியது. இழுத்து அடித்தால்தான் படும். தடவிக் கொடுத்தால் அது வேறு என்னவோ.

உன் அக்கா நெல்லிக்காய் ஊறுகாய் வைத்திருக்கிறாளாம், யாராவது ஓசூர் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

திம்மப்பன்


ஓசூர்
23-2-1994

மாமாவுக்கு,

கேசட்டை ஒன்பது தடவை கேட்டேன். ரூமில் இருக்கிற மற்ற மூன்று பேரும் வெளியே போய்ப் படுத்துக்கொண்டார்கள்.

முதல் பாட்டு மெதுவானது, டிரம்ஸ் இல்லை. உங்கள் வாசிப்பு எண்ணெய் போட்ட மாதிரி வருகிறது. கம்பி எதிலும் இடிக்கவில்லை. நெஞ்சில் படவில்லையா என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். எனக்குப் பட்டது. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் வந்ததும் ஒவ்வொரு சுரத்தோடும் ஒரு "டக்" சேர்கிறது. கம்பி கிட்டாரின் கழுத்தில் அறைகிற சத்தம் அது. அங்கிருந்து கடைசிவரை நிற்கவில்லை. வேகமான பாட்டு என்பதால் இல்லை, ஐந்தாவது வேகமில்லாத பாட்டுதான், ஆனால் டிரம்ஸ் உண்டு. அதிலும் டக்.

அதனால் ஒரு கேள்வி. டிரம்ஸ் அடிக்கும்போது உங்கள் வாசிப்பு உங்களுக்கே கேட்கிறதா? உங்கள் ஸ்பீக்கர் பெட்டி மேடையில் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது? மறக்காமல் எழுதுங்கள்.

புதுப் பலகை செய்துவிட்டேன். தேக்கு. மேல்பக்கம் உங்கள் கேன்வாஸ் வளைவு. தடித்த கம்பிக்கு அடியில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, மெல்லிய கம்பிக்கு அடியில் இரண்டு. இரண்டு முனையிலும் சின்ன ஸ்க்ரூ வைத்திருக்கிறேன், உயரத்தை ஏற்றி இறக்கலாம். சாப்பாட்டு நேரத்தில் செய்ததுதான், ஆனால் வெளியே கொண்டுவரும்போது கேட்டில் பிடித்துக்கொண்டார்கள். வாட்ச்மேன் நாராயணப்பன் பட்டாளத்தில் இருந்தவர்.

"என்னா சார் இது?"

"கிட்டாருக்கு வெக்கற பலகைங்க. விரல் ஆழமா எறங்காம தடுக்கும்."

"கிட்டார் எங்க?"

"ஊத்தங்கரைல."

"நம்ம கம்பெனில கிட்டார் செய்யறமா?"

"இல்லீங்க. மரம் நான் வெளில வாங்கனது."

"உள்ள எடுத்துகினு வரும்போது எழுதனீங்களா?"

எழுதவில்லை. எழுதாமல் உள்ளே வந்த பொருள் எழுதாமல் வெளியே போகாது என்று பூட்டி வைத்துவிட்டார். மூன்று நாள் கழித்து அவரே ஒரு தாளை நீட்டினார். பொருள் என்ற கட்டத்தில் "விரல் தடுப்பு" என்று எழுதிக் கொடுத்தேன். பிரஸ் ஷாப் பாதுகாப்புக் கருவி என்று நினைத்து மேனேஜர் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டார். பொய் எழுதவில்லை.

எப்படி வைப்பது என்று தனித்தாளில் வரைந்திருக்கிறேன். எட்டு நாள் வாசித்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். என் மனம் நோகும் என்று பார்க்கவேண்டாம்.

கிருஷ்ணன்


ஊத்தங்கரை
8-3-1994

மச்சானுக்கு,

உள்ளதை உள்ளபடி எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். விரலை விட்டால் உடனே மரத்தில் முட்டுகிறது. உயரமானவன் குனிந்து குனிந்து குடிசைக்குள் நடக்கிற மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் முட்டுவது குறைந்தது. நாலாம் நாள் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு எழுந்து கடைக்குப் போய்க் கத்தரியைப் பிடித்தேன், கை ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு ஆறு சட்டை வெட்டினேன். உன் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு "என்னா, சீட்டு விழுந்திச்சா" என்று கேட்டாள். சமமாகவும் வருகிறது. ஒரு சுரம் பெரிசு ஒரு சுரம் சிறிசு என்று இல்லை. எல்லாத் தையலும் ஒரே நீளத்தில் விழுகிற மாதிரி.

இது வீட்டில். ஞாயிற்றுக்கிழமை எல்லோருடனும் சேர்ந்து ஒத்திகை. டிரம்ஸ் வந்ததும் கெட்டது. பலகை விரலை நிறுத்தியது, என்னை நிறுத்தவில்லை. இறங்க இடமில்லாமல் விரல் நுனியால் பலகையையே அமுக்கி அமுக்கி வாசித்திருக்கிறேன். முடிந்தபோது நடுவிரல் தோல் கன்றிப்போயிருந்தது. முழங்கை வலி பாதிதான் குறைந்தது. இன்னொரு குறையும் உண்டு. ஒரு பாட்டில் கம்பிக்கு அடியில் விரலை மாட்டித் தூக்கிச் சுண்டவேண்டும், அப்படிச் சுண்டுவதற்குத்தான் ஜனங்கள் கைதட்டுவார்கள். பலகை இருந்தால் அதற்கு இடமில்லை. கழற்றிவிட்டுத்தான் வாசித்தேன்.

அப்புறம் நீ கேட்ட கேள்வி. பத்து நாளாக அதை எழுதாமல் ஒத்திப்போட்டுக்கொண்டிருந்தேன். பெட்டி மேடைக்கு முன்னால், ஜனங்களைப் பார்த்து இருக்கிறது. நான் அதற்குப் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். டிரம்ஸ் அடித்தால் என் வாசிப்பு எனக்குக் கேட்பதில்லை. கம்பியின் அதிர்வு வயிற்றில் படுவதை வைத்து வாசிக்கிறேன். பலமாக இழுத்தால் வயிற்றில் நன்றாகத் தெரியும். அதனால்தான் இழுக்கிறேன் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

இத்தனை நாள் வாய்விட்டுக் கேட்காமல் ஏன் இருந்தீர்கள் என்று உடனே எழுதுவாய். பெட்டியை மாற்று என்று நான் கேட்டால், காது போய்விட்டதா என்று கேட்பார்கள். கை போகிற ஆளுக்குக் காதும் போய்விட்டது என்றால் பங்குனி வரைகூட வைத்திருக்கமாட்டார்கள்.

உத்திரத்துக்குத் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் கச்சேரி. இருபத்திரண்டு பாட்டு. கங்கப்பன் முடிவு சொல்கிற நாள் அதுதான்.

திம்மப்பன்


ஓசூர்
12-3-1994

மாமாவுக்கு,

கேளுங்கள்.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பலகை பாதி வேலைதான் செய்யும் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். மீதிப் பாதி பெட்டியில் இருக்கிறது. அதை உங்களுக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, உங்கள் காதைப் பார்த்துச் சாய்த்து வைக்கவேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். ஜனங்களுக்குத்தான் மைக் வழியாகப் பெரிய ஸ்பீக்கரில் போகிறதே. காது நன்றாக இருக்கிற யாரை உங்கள் இடத்தில் நிறுத்தினாலும் கேட்காது. இது காதுக் கோளாறு இல்லை, வைத்த இடத்தின் கோளாறு.

உங்களால் கேட்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அதனால் கங்கப்பனுக்கு நானே ஒரு கடிதம் எழுதிவிட்டேன். பெட்டி இருக்கவேண்டிய இடத்தைப் படம் போட்டிருக்கிறேன். உங்கள் கையைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். ஸ்டாம்பு ஒட்டிய கவர் என் முன்னால் இருக்கிறது.

பொங்கல் சமயமாக இருந்தால் போட்டிருப்பேன். இப்போது உங்களைக் கேட்கிறேன். போடலாமா?

உத்திரத்துக்கு நான் வரவா? ஓசூரிலிருந்து பக்கம்தான்.

கிருஷ்ணன்


(தபால் கார்டு)

ஊத்தங்கரை
16-3-1994

மச்சானுக்கு, போடாதே. நானே கேட்கிறேன். நீ வரவும் வேண்டாம். நீ வந்தால் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாய், நான் உன் முகத்தைப் பார்ப்பேன், பாட்டை யார் பார்ப்பது? உன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டினாள். அப்புறம் முழங்கைக்கு எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்தாள். திம்மப்பன்.


ஊத்தங்கரை
29-3-1994

மச்சானுக்கு,

ஒரே மூச்சில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

பரீட்சைக் காலம் என்பதால் பத்து மணிக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஆறு மணிக்கே மேடை தயாராகிவிட்டது. எல்லோரும் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை கங்கப்பன் பக்கத்தில் போய் நின்று, டீ ஆயிற்றா என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடவை அவரே திரும்பி, "என்னாய்யா, இன்னும் எத்தன டீ வேணும் ஒனக்கு?" என்றார்.

"டீ இல்ல கங்கப்பா. என் பெட்டிய எனக்குப் பின்னால வெக்கணும்."

"ஏன், முன்னால இருந்தா ஜனத்துக்கு நல்லா கேக்குதே."

"ஜனத்துக்குக் கேக்குது. எனக்குக் கேக்கல. பதினோரு வருசமா கேக்கல."

டிரம்ஸ்காரர் நட்டு முறுக்குவதை நிறுத்திவிட்டார். கங்கப்பன் என்னைப் பார்த்தார். "பதினோரு வருசம் கேக்காமயா வாசிச்சிகினு இருந்த?"

"ஆமா."

நான் எதற்குப் பயந்தேனோ அதை அவர் சொல்வதற்குள் சென்றாயன் பேசினான். "எனக்குங்கூட அண்ணன் வாசிக்கறது கேக்காதுங்க. அதான் எடக்கைல நானும் போடறேன். அவரு வாசிக்கறாரா, நிறுத்திட்டாரா, ஒண்ணும் தெரியாது. வெறுமையா இருக்குமேன்னு போடுவன்."

இத்தனை நாளும் என் இடத்தைப் பிடிக்கிறான் என்று அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான். அவனே எழுந்து வந்து பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தான். சோடாக் கடையில் இரண்டு காலிக் கிரேட் வாங்கி அடுக்கி, அதன்மேல் தூக்கி வைத்தோம். கங்கப்பன் நகர்ந்து இடம் விட்டார். 

உன் பலகையோடுதான் ஆரம்பித்தேன். டிரம்ஸ் வந்த முதல் பாட்டில் பழக்கத்தில் இழுத்தேன். முதுகில் இடி விழுந்த மாதிரி என் சத்தமே என்னை அறைந்தது. கை தானாகப் பின்வாங்கியது. அதற்குப் பிறகு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தொட்டேன், கேட்டது. இன்னும் கொஞ்சம் லேசாகத் தொட்டேன், அப்போதும் கேட்டது. நெஞ்சிலும் பட்டது மச்சான், நீ சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நாலாவது பாட்டில் சென்றாயன் இடது கையை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டான். ஏழாவது பாட்டில் வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் டீ குடித்தான். அதைக் கங்கப்பனும் பார்த்தார்.

பதினான்காவது பாட்டு அந்தச் சுண்டுகிற பாட்டு. அதற்காகப் பலகையைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டேன். கைதட்டல் வாங்கினேன். அந்த அவசரத்தில் மறுபடி ஒட்ட மறந்துவிட்டேன். மூன்று பாட்டு அது இல்லாமலே வாசித்திருக்கிறேன். விரல் அதே உயரத்தில்தான் நின்றிருக்கிறது, பலகை அடியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு. நாலாவதில் மெல்ல இறங்க ஆரம்பித்தது, முழங்கையில் சுருக்கென்றது, அப்போதுதான் கீழே பார்த்தேன். அறிவிப்பாளர் பேசும்போது எடுத்து ஒட்டினேன். ஆக, உன் பலகை உதவுகிறதா என்று கேட்டால், மூன்று பாட்டு அளவுக்கு என் கைக்குப் பழக்கிக் கொடுத்திருக்கிறது. மீதி இன்னும் பாக்கி.

இருபதாவது பாட்டில் வலி வந்தது. பொய் சொல்லமாட்டேன். ஆனால் விரல்கள் மரத்துப்போகவில்லை. கடைசிச் சுரம்வரை எந்த விரல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தது. இன்று காலை எட்டு மணிக்குக் கடை திறந்து கத்தரியைப் பிடித்தேன். என் சட்டைப் பொத்தானை நானே போட்டேன்.

வேனில் ஏறும்போது கங்கப்பன் டயரியைப் பிரித்தார். "சித்திரைல ஆறு தேதி இருக்குது திம்மப்பா. ஆறுலயும் ஒம்பேர எழுதிட்டன். அந்த சோடா கிரேட்ட திருப்பிக் குடுக்காத, வேன்ல போடு."

திம்மப்பன்


ஓசூர்
4-4-1994

மாமாவுக்கு,

சந்தோஷம். ஆனால் உங்கள் சோதனை செல்லாது.

ஒரே கச்சேரியில் இரண்டு மாற்றம் செய்துவிட்டீர்கள். பெட்டியையும் மாற்றினீர்கள், பலகையையும் வைத்தீர்கள். எதனால் எவ்வளவு என்று இப்போது எப்படிப் பிரிப்பது? எங்கள் டூல் ரூமில் இப்படிச் செய்தால் ரிப்போர்ட்டைத் திருப்பித் தந்துவிடுவார்கள். முதலில் பெட்டியை மட்டும் மாற்றி ஒரு கச்சேரி வாசித்திருக்கவேண்டும். நீங்கள் இருந்த நிலையில் அதற்கு நேரமில்லை என்று தெரியும். இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

என் பக்கத் தப்பையும் எழுதுகிறேன். கை வலித்தால் கையில்தான் கோளாறு என்று நினைத்து, கைக்கு அடியில் ஒரு பொருளைச் செருகினேன். முதலிலேயே உங்களுக்கு என்ன கேட்கிறது என்று கேட்டிருந்தால் பொங்கலன்று நீங்கள் சும்மா நிற்கவேண்டி வந்திருக்காது. கேட்பதற்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்கு அந்த ஒரு நிமிஷம்தான் பொறுக்கவில்லை.

கங்கப்பனுக்கு எழுதிய கவரைக் கிழித்துவிட்டேன். ஸ்டாம்பை நனைத்து எடுத்து இந்தக் கவரில் ஒட்டியிருக்கிறேன்.

சுண்டுகிற பாட்டுக்காக ஒரு மாற்றம் யோசித்திருக்கிறேன். ஒற்றைப் பலகையை இரண்டாகப் பிரித்து, மெல்லிய கம்பிகளுக்கு அடியில் இருக்கிற பாதியை மட்டும் நொடியில் கழற்றுகிற மாதிரிச் செய்யலாம். செய்யட்டுமா? உங்கள் பதில் வரும்வரை மரத்தைத் தொடமாட்டேன். டாக்டரிடமும் மறுபடி காட்டுங்கள். இந்தத் தடவை சரிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வராமல், வாசிப்பது நிற்காது என்பதையும் சொல்லி, வேறு என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

சித்திரையின் ஆறு தேதிகளையும் வரிசையாக ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் விடுங்கள். பலகையைக் கழற்றிய பிறகு விரல் எத்தனை பாட்டுக்கு இறங்காமல் நின்றது என்ற எண்ணை அதில் நீங்களே நிரப்பவேண்டும். ஆறாவது கட்டத்தில் என்ன எண் வரும் என்று நான் இப்போதே ஒரு தாளில் எழுதி, மடித்து என் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சொல்லமாட்டேன். நீங்கள் வாசியுங்கள்.

கிருஷ்ணன்